மாரிக்கு ஒட்டிய சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடம். அந்த நேரத்தை என் கையாலேயே விடுதிப் பதிவேட்டில் எழுதினேன். பெயர் தவமணி, முதலாம் வருடம், ஊர் ஈச்சிலம்பற்று, வந்த நேரம் ஆறு பத்து, பிந்தியது, மூன்றாம் தடவை. எழுதி முடித்து, மை உலர ஊதியும் விட்டேன். என் உத்தியோக காலத்தின் ஆக மோசமான பிழையை மிக அழகான கையெழுத்தில் செய்தேன்.

அது ஆனி மாதம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓர்ஸ் ஹில் மேட்டில் புழுதியை அள்ளி எங்கள் கல்லூரி வாசற்கதவில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை மேட்டில் ஓடி ஏறி வந்து, பேச மூச்சில்லாமல் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டையெல்லாம் கடல் தண்ணீர்.

"மூதூர் லாஞ்சு நடுக்கடலில நிண்டிட்டுது மிஸ். எஞ்சினுக்குள்ள ஏதோ அடைப்பாம்."

"இது நீர் தையில சொன்ன கதை."

"இல்லை மிஸ். தையில வாழைக்குலை ஏத்தினதில பிந்தினது. இந்த முறைதான் எஞ்சின்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வாசல் கடமையில் இருக்கும்போது சிரிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால் எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சிரித்தால் மரியாதை போய்விடும் என்று நினைத்திருந்த வயது.

"வெயில் இன்னும் எறிக்குது மிஸ்," என்று துறைமுகப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நான் வெயிலைப் பார்க்கேல்லை, மணிக்கூட்டைப் பார்த்தனான். உள்ள போம்."

அவள் போனாள். வார இறுதி விடுமுறையில் போய்த் திரும்பிய பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பதிவேட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டும்போது, கீழே கடற்படை முகாமில் மாலைக் கொடி இறக்கும் ஊதுகுழல் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். நான் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போனேன்.

இதெல்லாம் இருபது வருடத்துக்கு முந்திய கதை. இப்போது எழுதக் காரணம், என் பழைய கதிரையில் இன்று இருக்கும் இளம் பெண் அனுப்பிய கடிதம். "அக்கா, மாணவர் விவகார வேலைக்குச் சட்டமும் விதியும் ஆட்சிக் குழுவும் என்று இவ்வளவு படிக்கச் சொல்லுகினம். பிள்ளைகளோடு அன்பாக இருந்தால் போதாதோ?" என்று கேட்டிருந்தாள். பதில் எழுதப் பேனாவை எடுத்து வைத்துவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன். அந்த வாரம்தான் என் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது.

என் மகள் வீட்டை விட்டு விடுதிக்குப் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. உறையில் அவள் படிக்கும் வளாகத்தின் முத்திரை. தபால்காரரின் புத்தகத்தில் கையெழுத்து வைத்தபோதே எழுத்துக் கோணியது. இருபத்தைந்து வருடம் பெற்றோருக்கு இப்படிக் கடிதங்களைத் தட்டெழுதி, ஒட்டி, அனுப்பியவள் நான். அன்று அந்த உறையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, அடுப்பில் கறி அடிப்பிடித்து மணக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரித்தால், கல்விச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கும் படிவம். வேறொன்றுமில்லை. கையெழுத்து வைத்து அன்றே திருப்பி அனுப்பினேன். அந்த உறையோடுதான் தவமணியின் தகப்பனார் ஞாபகத்துக்கு வந்தார்.

எங்கள் கல்லூரி இன்று அந்தப் பெயரில் இல்லை, ஆகவே பெயர் வேண்டாம். சுதந்திரம் கிடைத்த கையோடு நகரப் பிரமுகர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. இரண்டு வருட ஆசிரியப் பயிற்சி. பெண்களுக்கு ஒரு விடுதி, ஆண்களுக்கு ஒரு விடுதி. ஐந்து பேர் கொண்ட ஆட்சிக் குழு. நான் தட்டெழுத்தாளராகச் சேர்ந்து, ஆறு மாதத்தில் மாணவர் விவகார லிகிதர் ஆனேன். எனக்குக் கிடைத்த பயிற்சி, கிழிந்து போயிருந்த ஆங்கில விதிப் புத்தகத்தைப் புதிதாகத் தட்டெழுதிக் கொடுத்ததுதான். தட்டெழுதினால் மனப்பாடம் ஆகும் என்று நினைத்தேன். விரல்களுக்குத்தான் ஆனது.

எங்கள் உதவி அதிபர் முன்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எந்த விதியையும் இரண்டு முறை வாசிப்பார், ஒருமுறை இருந்துகொண்டு, ஒருமுறை எழுந்து நின்று. நின்று வாசிக்கும்போது அர்த்தம் மாறுமா என்று ஒருநாள் கேட்டேன். "விதி மாறாது. வாசிக்கிற ஆளுக்கு நித்திரை முறியும்," என்றார். இல்லை என்று சொல்லப் போகிறார் என்றால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அவர் கை காதுப் பக்கம் போனாலே கந்தோரில் வேலை செய்யும் எல்லாருக்கும் விடை தெரிந்துவிடும்.

விசாரணைக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு இது. மேசையைச் சுற்றி எல்லாக் கதிரைகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மாணவனுக்கும் அதே பிரம்புக் கதிரை. முதல் தேநீர் மாணவனுக்கு. அவன் ஒரு வாய் குடித்த பிறகுதான் முதல் கேள்வி. "தொண்டை காய்ஞ்ச பிள்ளை உண்மையைக்கூடச் சரியாச் சொல்லாது," என்பார்.

ஒரு வருடம் கட்டைபறிச்சான் பொடியன்கள் இரண்டு பேர் குளியலறைத் தொட்டிக்குள் ஒரு சாக்கு நண்டை உயிரோடு விட்டிருந்தார்கள். விடுதியில் பிராணிகள் வளர்க்கக் கூடாது என்பது விதி. இருவரையும் இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆண்கள் விடுதிப் பொறுப்பாளர் பிடிவாதமாக நின்றார். அவருடைய கால் விரலை ஒரு நண்டு பிடித்திருந்தது. உதவி அதிபர் பொடியன்களைக் கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்தார்.

"நண்டு பிராணிதானே?"

"ஓம் சேர்."

"வளர்த்தனீங்களோ?"

"எங்க சேர் வளர்க்கிறது? வெள்ளி பிடிச்சது, ஞாயிறு கறி வைக்க இருந்தனாங்கள். அதுக்குள்ள அது எவ்வளவு வளரும்?"

விதியை இருந்து வாசித்தார், எழுந்து வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "வளர்க்கேல்லை. வைச்சிருந்திருக்கினம். விதி வளர்க்கிறதைத்தான் தடுக்குது. தண்டனை இல்லை." பொறுப்பாளர் தன் விரலைக் காட்டினார். "உங்கட விரலுக்கு அடுத்த ஆட்சிக் குழுக் கூட்டத்தில விதியைத் திருத்துவம். திருத்துற அதிகாரம் குழுவுக்குத்தான். எனக்குமில்லை, உங்களுக்குமில்லை, நண்டுக்குமில்லை," என்றார். அன்று மத்தியானம் விடுதிக் குசினியில் நண்டுக் கறி மணத்தது. பொடியன்கள் ஒரு கோப்பையில் அவருக்கும் கொண்டு வந்தார்கள். கையைக் காதுப் பக்கம் கொண்டு போனார். "தீர்ப்புச் சொன்ன ஆள் சாப்பிடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பருப்பும் சோறும் சாப்பிட்டார். சாப்பிடும்போது குசினிப் பக்கம் பார்க்கவேயில்லை.

தவமணி பிந்திய அந்த வாரம் அவர் விடுமுறையில் இருந்தார். மகளுக்குக் கல்யாணம். அதனால் விஷயம் நேரே அதிபரிடம் போனது. மூன்று முறை பிந்தினால் விடுதி இடம் போகும் என்று விதி சொன்னது. பதிவேடு மூன்று என்று சொன்னது. திங்கட்கிழமை காலை நான் பழைய ஆங்கிலப் படிவம் ஒன்றை எடுத்துப் பெயரை நிரப்பினேன். அச்சடித்த படிவங்கள் கட்டுக் கட்டாக மிச்சம் இருந்தன. அவை முடியும் வரை தமிழில் அடிக்க வேண்டாம் என்பது மேலிடத்து உத்தரவு. அதிபர் மற்றக் கடிதங்களோடு சேர்த்து அதற்கும் கையெழுத்து வைத்தார். வருகிற சனிக்கிழமை மாலைக்குள் விடுதியை விட்டுப் போக வேண்டும். ஒரு பிரதி மாணவிக்கு, மூலம் தகப்பனுக்குப் பதிவுத் தபாலில்.

ஈச்சிலம்பற்றிலிருந்து தினமும் வந்து படிக்க ஒருவராலும் ஏலாது. விடுதி போனால் படிப்புப் போனது, படிப்புப் போனால் ஆசிரிய நியமனம் போனது. முதலாம் வருடச் சோதனைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், கணக்குச் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியோடு அவளைக் கூப்பிட்டுப் பிரதியைக் கொடுத்தேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் வாசித்தாள், நான்காக மடித்தாள்.

"இது வீட்டுக்கும் போகுதோ மிஸ்?"

"ஓம். றெஜிஸ்டர் தபாலில."

"அங்க ஆர் மிஸ் வாசிக்கிறது? எங்கட வீட்டில நான்தானே வாசிக்கிறது."

அவளே தொடர்ந்தாள். "ஞாயிற்றுக்கிழமை நான் வெளிக்கிடேக்க சனம் வீட்டு முற்றத்தில நிக்கும் மிஸ். ஒருத்தருக்குக் காணிக் கடிதம், ஒருத்தருக்கு மகன் கொழும்பில இருந்து போட்ட கடிதம். வாசிச்சு, பதிலும் எழுதிப்போட்டுத்தான் வெளிக்கிட விடுவினம்." பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள். "சனிக்கிழமை வரைக்கும் வகுப்புக்கு வரலாமோ மிஸ்?"

வரலாம் என்றேன். அந்த நான்கு நாளும் அவள் முன்வரிசையில் இருந்து குறிப்பு எழுதினாள். நான் அந்த வகுப்பறைப் பக்கத்து விறாந்தையால் போவதை நிறுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை உதவி அதிபர் கல்யாணப் பலகாரப் பெட்டியோடு வந்தார். எல்லாருக்கும் பயற்றம் பணியாரம் கொடுத்துவிட்டு, வழக்கம் போல் அந்த வாரக் கடிதப் பிரதிகளைப் புரட்டத் தொடங்கினார். ஓரிடத்தில் கை நின்றது.

"மிஸ், இந்தப் பிள்ளை எந்தக் கதிரையில இருந்தது?"

"எந்தக் கதிரை சேர்?"

"விசாரணையில."

"விசாரணை வைக்கேல்லை சேர். மூண்டு தரம் பிந்தினது பதிவேட்டில கிடக்கு. இதில என்ன விசாரிக்கிறது?"

கண்ணாடி கழன்றது.

"பதிவேடு எழுதினது ஆர்?"

"நான்."

"கடிதம் தட்டினது?"

"நான்தான் சேர்."

"சரியோ பிழையோ எண்டு பார்த்தது?"

"அதிபர் கையெழுத்து வைச்சவர்."

"கையெழுத்து வைச்சது ஆர் எண்டு கேக்கேல்லை. பார்த்தது ஆர் எண்டு கேட்டனான்."

நான் பாதி கடித்த பணியாரத்தை மேசையில் வைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். வார இறுதி விடுமுறைப் பக்கத்தைத் திறந்து இருந்துகொண்டு வாசித்தார். பிறகு எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கி, இடையில் நிறுத்தினார். அவருடைய பெருவிரல் பக்கத்தின் மேல் மெல்ல ஊர்ந்தது.

"மணி ஆறு எண்டது கொஞ்சம் தடிப்பாக் கிடக்கு," என்றார்.

அது ஒரு சீட்டு. விதியின் ஒரு வரியை மறைத்து ஒட்டப்பட்ட, விரல் அகலச் சீட்டு. அவர் தன் தேநீர்க் கோப்பைக்கு மேல் அந்தப் பக்கத்தைப் பிடித்தார். ஆவி பட்டுப் பசை இளகியது. பேனாக் கத்தியால் சீட்டைத் தூக்கினார். அடியில், தொடக்க காலத்தில் குழு எழுதிய ஆங்கில வரி அப்படியே இருந்தது. துறைமுகத்தில் மாலைக் கொடி இறக்கப்படுமுன் மாணவர் திரும்ப வேண்டும். அந்த நாளில் வெள்ளைக்காரனின் கப்பற்படை கீழே இருந்தது. மேட்டில் இருந்தவர்களுக்கு அதன் ஊதுகுழல்தான் மணிக்கூடு.

"இதை ஆர் ஒட்டினது?"

"நான் சேர்."

சேர்ந்த முதல் வருடம், ஐப்பசி மாரியில் ஒட்டியது. ஒட்டச் சொன்னவர் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொண்ட மேற்றன் அம்மா. கண்டிப்பானவர், ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுப்பவர். உதவி அதிபர் ஆள் அனுப்ப, அவர் சாவிக்கொத்துக் குலுங்க வந்தார்.

"ஓம், நான்தான் சொன்னனான். என்ன இப்ப?" என்றார். "மாரியில ஆறு மணி அடிக்க முந்தியே இருட்டிப்போகும். ஐந்தே முக்காலுக்கு முதலே கொடியை இறக்கிப்போடுவாங்கள். கடல் கடந்து வாற பிள்ளையள் மழையில நனைஞ்சு வந்து நிண்டு, பிந்தி எண்டு அழுங்கள். பாவம் எண்டுதான் ஆறு மணி எண்டு போடச் சொன்னனான். பிள்ளையளுக்கு நல்லதுதானே செய்தனான்?"

"நல்லதுதான்," என்றார் உதவி அதிபர். "மாரிக்கு நல்லது. இது கச்சான் காலம், கொடி ஆறு தாண்டித்தான் இறங்கும்."

மேற்றன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையின் வெயிலும், பதிவேட்டைப் பூட்டும்போது கேட்ட ஊதுகுழலும் ஒன்றாக ஞாபகம் வந்தன. அந்தப் பிள்ளை கையைக் காட்டிச் சொன்னதுதான் விதி. நான் சொன்னது, நானே ஒட்டிய சீட்டு.

அன்று பின்னேரமே ஆட்சிக் குழுக் கூட்டங்களின் அறிக்கைப் புத்தகங்கள் எல்லாவற்றையும் இறக்கி வைத்து, இருவரும் பக்கம் பக்கமாகத் தேடினோம். நண்டுத் திருத்தம் இருந்தது. ஆறு மணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடிதத்தை இன்றே கிழித்துவிடலாமே என்று கேட்டேன். முடியாது என்றார். அதிபர் ஒப்பமிட்டு அனுப்பியதை லிகிதரும் உதவி அதிபரும் கிழித்தால், அதுவும் இன்னொரு சீட்டு ஒட்டுவதுதான். விதிப்படி இரண்டு நாள் அறிவித்தலோடு அவசரக் கூட்டம் கூட்டலாம். மூன்று பேர் வந்தால் போதும். சனிக்கிழமை இரண்டு மணி என்று தட்டெழுதினேன். பியோன் சைக்கிளிலும் கிண்ணியா வள்ளத்திலுமாகப் போய், எல்லா அங்கத்தவர்களிடமும் கையெழுத்து வாங்கி வந்தார்.

சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். தலைவர் நகரத்தில் ஓய்வுபெற்ற ஒரு வழக்கறிஞர். அடுத்தவர் கிண்ணியாவில் நெல் வியாபாரம் செய்த ஹாஜியார். மூன்றாமவர் ஒரு வைத்தியர், பேசவே மாட்டார். தவமணி தன் தகரப் பெட்டியைக் கட்டிக் கந்தோர் வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பிரம்புக் கதிரையில் இருந்தாள். முதல் தேநீர் அவளுக்கு வந்தது. குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடியும் பிள்ளை," என்றார் ஹாஜியார். "நீர் குடிச்சால்தான் எங்களுக்குத் தருவார் இந்த மனுசன்."

ஒரு வாய் குடித்தாள். நான் எழுந்து நின்று சீட்டைப் பற்றிச் சொன்னேன். ஒட்டியது நான், கேட்காமல் ஒட்டியது நான், அந்தச் சீட்டையே விதி என்று நம்பி எழுதியதும் நான். என்னை வேலையால் நிறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். தலைவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"சரி, விதி கொடி எண்டே வைப்பம். ஆறு பத்துக்குக் கொடி மேல நிண்டதெண்டு எப்பிடித் தெரியும்? ஊதுகுழல் கேட்டது எண்டு மிஸ் சொல்லுறா. நேரம் எழுதினவவோ?"

எழுதவில்லை. தவமணியின் கண் வாசலில் இருந்த பெட்டிக்குப் போய் வந்தது.

"கொடி சூரியன் படேக்கதான் இறங்கும்," என்றார் உதவி அதிபர். சுவரில் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தைக் கழற்றி, அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தைத் தலைவரிடம் நீட்டினார். "அஸ்தமனம் ஆறு முப்பத்திநாலு."

"இது யாழ்ப்பாணத்துக்குக் கணிச்சது," என்றார் தலைவர், விடாமல். "இங்க முந்தும்."

"எவ்வளவு முந்தும்?"

ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது ஹாஜியார் சட்டைப் பைக்குள் கையை விட்டு மடித்த அட்டை ஒன்றை எடுத்தார். "எங்கட பள்ளிவாசல் தொழுகை அட்டவணை. இது இஞ்சத்தை நேரம்தான், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது." விரலை வைத்து இறங்கினார். "அந்த ஞாயிறு மஃரிபு பாங்கு ஆறு இருபத்தொன்பது. சூரியன் பட்டு ரெண்டு நிமிசம் விட்டுத்தான் பாங்கு சொல்லுறது."

தலைவர் பஞ்சாங்கத்தையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஆறு முப்பத்துநாலு, இங்கே ஆறு இருபத்தேழு. அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "ஏழு நிமிசம் முந்துது. ரெண்டு புத்தகமும் சண்டை பிடிக்கேல்லை."

"அதுகள் ஏன் சண்டை பிடிக்குது?" என்றார் ஹாஜியார். "சூரியன் ஒண்டுதானே."

பேசாத வைத்தியர் பேசினார். "அப்ப பிள்ளை பதினேழு நிமிசம் முந்தி வந்திருக்கு."

எல்லாரும் சிரித்துவிட்டோம். பிந்தி என்று வெறுமனே எழுதாமல் ஆறு பத்து என்று நிமிடத்தோடு எழுதி வைத்தது இந்தக் கைதான். அவளைத் தள்ளிய அதே வரி அவளைத் தூக்கி விட்டது. சித்திரையில் ஆறு ஐந்துக்கு வந்ததும் பிந்தியது அல்ல என்று அட்டவணை சொன்னது. தையில் வந்த ஒன்று மட்டும் உண்மையாகவே பிந்தியது. அதற்கு அவளே, "அது வாழைக்குலை ஐயா," என்று ஒப்புக்கொண்டாள்.

வாசலில் நின்ற மேற்றனுக்கு ஒரு கவலை வந்துவிட்டது. "அப்ப மாரியில கொடி இறங்கின பிறகு, ஆறுக்கு முந்தி வந்த பிள்ளையள் எல்லாத்தையும் இப்பக் குற்றம் பிடிக்கப் போறியளோ?"

"இல்லை," என்றார் உதவி அதிபர். கண்ணாடி கழற்றாமலே சொன்னார். "அதுகள் நாங்கள் சொன்னதை நம்பி வந்ததுகள். எங்கட பிழைக்குப் பிள்ளையள் பொறுப்பில்லை."

குழு மூன்று தீர்மானம் எடுத்தது. கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. மாரியில் ஆறு மணி, மற்றக் காலத்தில் கொடி என்று விதி முறையாகத் திருத்தப்படுகிறது. இனிப் பெற்றோருக்குப் போகும் எந்தக் கடிதமும் அவர்கள் வாசிக்கும் மொழியில் போக வேண்டும், மிச்சப் படிவங்களைப் பின்பக்கம் குறிப்பெழுதப் பாவிக்கலாம். என்னை வேலையால் நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை. சீட்டை அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டி வைக்கும்படி மட்டும் தலைவர் சொன்னார். அதையும் நான்தான் ஒட்டினேன்.

பின்னர் எத்தனையோ விசாரணைகளில் நான் மேசையின் விசாரிக்கும் பக்கம் இருந்தேன். எனக்குக் கடிதம் எழுதிய தங்கைக்குச் சொல்வது இவ்வளவுதான். மேற்றனிடம் அன்பு இருந்தது. அந்தச் சீட்டே அன்பால் ஒட்டியதுதான். ஆனால் அன்பை யாரும் அறிக்கைப் புத்தகத்தில் எழுதி வைக்காததால், கச்சான் வந்தபோது அது பிள்ளையின் கழுத்தைப் பிடித்தது.

கூட்டம் முடிந்து, புதிய கடிதத்தைத் தகப்பனாருக்குத் தமிழில் என் கையால் எழுதினேன். உங்கள் மகள் தவமணி குறித்த நேரத்துக்கு முன்பே விடுதிக்குத் திரும்பினார், அவரில் பிழையில்லை, முன்னர் வந்த கடிதம் எங்கள் பிழை. தலைவர் அதற்குக் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது.

உயரமான, மெலிந்த மனிதர். தோய்த்துக் காய்ந்த வேட்டி. ஒரு கையில் உறியில் தயிர்ச்சட்டி, வாயை வாழையிலையால் கட்டியிருந்தது. சட்டைப் பையில் நான் தட்டெழுதிய உறை, நான் ஒட்டியபடியே, உடைக்காமல். தவமணி எழுந்தாள். "அப்பா" என்று மட்டும்தான் அவளுக்கு வந்தது.

அவர் வாசலிலேயே நின்றார். உதவி அதிபர் ஒரு பிரம்புக் கதிரையை இழுத்து வைத்தார். "இருங்கோ. இங்க நிண்டு கதைக்கிறது எங்கட விதியில இல்லை." தேநீரும் வந்தது.

"நேற்று விடிய வெளிக்கிட்டனான் ஐயா," என்றார் பெரியவர். "எங்கட பக்கம் றெஜிஸ்டர் கடிதம் எண்டால் முந்தி ஒருக்கா காணிப் பெமிற்றுக்கு வந்தது. அதுக்குப் பிறகு இதுதான். ஊரில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். உடைச்சு வாசிக்கட்டோ எண்டு பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார். நான் விடேல்லை. பிள்ளை படிக்கிற இடத்துக் கடிதம், பிள்ளைதான் முதல் வாசிக்க வேணும் எண்டு கொண்டு வந்தனான். நல்ல விசயம்தானே ஐயா?"

உதவி அதிபர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கடிதம் பிழையா எழுதப்பட்டது," என்றார். "பிழை எங்கட. அதைத் திருப்பித் தாங்கோ. சரியான கடிதம் இதுதான்."

பெரியவர் உறையைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பு விழாமல் தடவிக் கொடுத்தார். புதியதை வாங்கி மகளிடம் நீட்டினார். தவமணி நின்று வாசித்தாள். முதல் வரியில் குரல் தடுமாறியது, இரண்டாவது வரியில் நிமிர்ந்தது. அவரில் பிழையில்லை என்ற இடத்தை அவளாகவே இரண்டு முறை வாசித்தாள். தகப்பன் தலையைச் சாய்த்துக் கடைசிச் சொல் வரை கேட்டார். கேட்டு முடித்துச் சற்று நேரம் இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தார். பிறகு உறியைத் தூக்கி மேசை நடுவில் வைத்தார். உதவி அதிபர் தயிர்ச்சட்டியைப் பார்த்தார். கை மெல்லக் கண்ணாடிக்குப் போனது. பெரியவர் முந்திவிட்டார்.

"இவ்வளவுதானோ? இதுக்கோ காசு குடுத்து றெஜிஸ்டர் பண்ணினனீங்கள்? என்ட பிள்ளையில பிழையில்லை எண்டு எனக்கு முந்தியே தெரியுமே. சரி, சரி, தயிர் புளிக்க முந்தி எல்லாருக்கும் கோப்பை எடுங்கோ."